பனியன் துணியில் பஞ்சு உருண்டை

பக்கத்து வீட்டு அக்கா ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஒரு டி-ஷர்ட்டோடு வந்து நின்றார். மகன் காலேஜுக்குப் போட்டுக்கொண்டு போவது. கருநீல நிறம், காலர் வைத்தது, வாங்கி இரண்டு மாதம்கூட ஆகவில்லை. வலது தோளிலும் இடது இடுப்புக்கு மேலேயும் கடுகு இறைத்த மாதிரி பஞ்சு உருண்டைகள்.

"ஏந் தம்பி, நீ பனியன் கம்பெனியில இருந்தவன்தான? இதென்னன்னு பாரு. போன மாசம் சோப்புப் பவுடரை மாத்துனேன். அதனாலயா?"

"உக்காருங்கக்கா, டீ வெக்கறேன். பவுடர் மேல பழி போடறதுக்கு முன்னாடி துணியப் பாத்துரலாங்க."

திருப்பூரில் இருபது வருஷத்துக்கு மேல் துணியின் தரம் பார்க்கிற வேலையில் இருந்தவன் நான். இந்த உருண்டைக்கு அங்கே 'பில்லிங்' என்று பெயர். வீட்டில் 'பஞ்சு புடிச்சிருச்சு' என்பார்கள். அப்படிச் சொல்லிச் சொல்லியே, எங்கிருந்தோ வந்த பஞ்சு துணியில் ஒட்டிக்கொண்டது என்று நம் மனதில் பதிந்துவிட்டது. உண்மையில் அந்தப் பஞ்சு வெளியிலிருந்து வந்ததில்லை. சட்டையின் நூலுக்குள் இருந்த இழைதான் வெளியே வந்து உருண்டு நிற்கிறது. இதை முதலில் புரிந்துகொண்டால் மற்றதெல்லாம் தானாக விளங்கும்.

அக்காவிடம் பூதக்கண்ணாடியைக் கொடுத்துவிட்டு, ஒரு உருண்டையை ஊசி முனையால் மெல்லத் தூக்கிக் காட்டினேன். உருண்டை மேலே எழும்பியது, ஆனால் கழன்று வரவில்லை. அடியில் நாலைந்து மெல்லிய இழைகள் அதைத் துணியோடு கட்டிப் பிடித்திருந்தன, கன்றுக்குட்டியை முளையில் கட்டியது போல. அந்த இழைகளின் மறுமுனை நூலுக்குள் இருக்கிறது. உருண்டையின் நடுவே கொஞ்சம் வெள்ளைப் பஞ்சும் தெரிந்தது. கருநீலச் சட்டைக்கு வெள்ளை ஏது? கூடவே துவைத்த துண்டிலிருந்து உதிர்ந்தது. உருண்டை பிறப்பது சட்டையின் சொந்த இழையில்தான். பிறந்த பிறகு அக்கம்பக்கத்துப் பஞ்சையும் இழுத்துச் சுருட்டிக்கொள்ளும். கருப்பு, கருநீலத் துணிகளில் பில்லிங் கண்ணைக் குத்துவது பாதி இந்த வெள்ளையால்தான்.

இனி நூலுக்கு வருகிறேன்.

டி-ஷர்ட் துணி பெரும்பாலும் 30-ஆம் நம்பர் நூலை ஒட்டித்தான் இருக்கும். 840 கஜம் ஒரு சிட்டம், அப்படி 30 சிட்டம் சேர்ந்தால் ஒரு பவுண்டு எடை. அதுதான் அந்த நம்பரின் கணக்கு. அந்த நூலை எந்த இடத்தில் வெட்டிப் பார்த்தாலும் குறுக்கே நூற்றுக்கும் மேற்பட்ட பஞ்சு இழைகள் இருக்கும். ஆனால் ஒரு இழைகூட நூலின் முழு நீளத்துக்கும் ஓடுவதில்லை. நம் மில்களில் அதிகம் ஓடுகிற சங்கர்-6 பஞ்சின் இழை 28, 29 மில்லிமீட்டர்தான், கட்டைவிரலின் ஒரு கணு அளவு. அவ்வளவு சின்ன இழைகளை ஒன்றன்மேல் ஒன்றாகச் சரித்து அடுக்கி, முறுக்கேற்றினால் நூல். பசை கிடையாது, முடிச்சு கிடையாது. முறுக்கின் பிடி ஒன்றை நம்பித்தான் நாம் உடுத்துகிற துணியெல்லாம் நிற்கிறது. எத்தனை வருஷம் பார்த்தாலும் எனக்கு இது ஆச்சரியம்தான்.

ஒவ்வொரு இழைக்கும் இரண்டு முனை. இழை எவ்வளவு குட்டையோ, அதே நீள நூலில் அவ்வளவு அதிக முனைகள். ஒவ்வொரு முனையும் வெளியே தலைநீட்டக் காத்திருக்கிற ஒரு பிசிறு. அதோடு, குட்டை இழையை முறுக்கு பிடித்துவைக்கிற நீளமும் குறைவு. லேசாகத் தேய்த்தாலே நழுவி வெளியே வந்துவிடும். நீள இழைப் பஞ்சுக்கு விலை அதிகமாக இருப்பதற்கு இது ஒரு முக்கியமான காரணம். கோயம்புத்தூர் பருத்தி ஆராய்ச்சி நிலையத்தில் சுஜாதாவையும் செயின்ட் வின்சென்ட் ரகத்தையும் இணைத்து 1974-ல் வெளியிட்ட சுவின் பருத்தியின் இழை 38 மில்லிமீட்டரைத் தொடும். அந்தப் பஞ்சில் நூற்ற பனியனைத் தொட்டுப் பார்த்தவர்களுக்கு நான் சொல்வது உடனே புரியும். அதில் ஒரு வழவழப்பு உண்டு, பிசிறே இல்லாத வழவழப்பு.

எல்லோராலும் சுவின் வாங்க முடியாது. அதனால் சாதாரணப் பஞ்சிலிருந்தே குட்டை இழைகளைச் சீவி எடுத்துவிடுகிறார்கள். தலைக்குப் பேன் சீப்பு போடுவது போல, மெஷினில் பஞ்சை ஊசிப் பற்களுக்குள் இழுத்துச் சீவுவார்கள். அப்படிச் சீவிய நூல் 'கோம்டு', சீவாதது 'கார்டடு'. சீவும்போது பஞ்சில் நூற்றுக்குப் பதினைந்து பங்கு வரை கழிவாகப் போகும். அந்தக் கோம்பர் வேஸ்டும் வீணாவதில்லை. ரூபாய் நோட்டு அச்சடிக்கிற காகிதம்வரை போகிறது. கார்டடு நூலைவிடக் கோம்டு நூல் கிலோவுக்கு விலை கூட என்பதற்கு இதுதான் கணக்கு. கடையில் இரண்டு டி-ஷர்ட்டுக்கு இடையே விலை வித்தியாசம் ஏன் என்று கேட்டால் விற்பவர் பல காரணம் சொல்வார். அதில் 'கோம்டு' என்ற சொல் வருகிறதா என்று காதைத் தீட்டிக்கொள்ளுங்கள்.

"அப்ப நூலை நல்லா முறுக்கீட்டா இழை வெளிய வராதில்ல?" என்றார் அக்கா. சரியான கேள்வி. ஒரு மில் மேலாளரிடம் நானும் சின்ன வயதில் இதையேதான் கேட்டேன்.

தறியில் நெய்கிற நூலுக்கு நன்றாக முறுக்கேற்றலாம். வேட்டியிலும் சட்டைத் துணியிலும் பஞ்சு உருண்டை அவ்வளவாக வராமல் இருப்பது அதனால்தான். அங்கே நூல் நேராக ஓடுகிறது, குறுக்கே வருகிற நூல் அதை அடிக்கொரு தரம் அமுக்கிப் பிடிக்கிறது. பனியன் துணியில் நூல் வளைந்து வளைந்து லூப்பாகத் தொங்குகிறது. துணி இழுபடுவதும் உடம்போடு படிவதும் அந்த லூப்பால்தான். அதில் முறுக்கு அதிகமான நூலைக் கொடுத்தால் ஊசியில் சுருண்டு சிக்கும், துணி விறைப்பாகும். இன்னொன்றும் நடக்கும்: துவைத்ததும் சட்டையின் பக்கத் தையல் வயிற்றுப் பக்கமாகத் திரும்பிக்கொள்ளும். உங்கள் வீட்டில் அப்படித் திரும்பிய டி-ஷர்ட் ஒன்று கட்டாயம் இருக்கும். முறுக்கின் திமிர் அது. ஆகவே பனியன் நூலுக்கு முறுக்கைக் கொஞ்சம் தளர்த்தித்தான் விடுகிறார்கள். பனியன் துணி மெத்தென்று இருப்பதும் பஞ்சு உருண்டை வருவதும் அந்தத் தளர்ச்சியிலிருந்துதான்.

பொங்கி வந்த டீயை இறக்கி ஊற்றிக் கொடுத்துவிட்டு, சட்டையின் உள்பக்கம் தைத்திருந்த லேபிளைப் பார்க்கச் சொன்னேன். காட்டன் 60, பாலியெஸ்டர் 40.

"கலப்படமா தம்பி?"

"கலப்படமில்லீங்கக்கா, கலப்பு. அதுல தப்பில்லீங்க. ஆனா உங்க உருண்டை உதுராம நிக்கறதுக்கு அதுதான் காரணம்."

ஒரு உருண்டையின் ஆயுள் இப்படி. தேய்க்கத் தேய்க்க இழை முனைகள் வெளியே வந்து துணிமேல் பூனைமுடி போலப் படரும். அந்த முடிகள் ஒன்றோடொன்று பின்னிச் சிக்கும். சிக்கல் உருண்டு திரண்டு பந்தாகும். இன்னும் தேய்ந்தால், அதைக் கட்டிவைத்திருக்கிற இழைகள் அறுந்து பந்து உதிர்ந்துவிடும். சுத்தப் பருத்தியில் இந்தக் கடைசிப் படி நடக்கிறது. உருண்டை பிறக்கிறது, கொஞ்ச நாளில் உதிர்கிறது. நல்ல கம்பளி ஸ்வெட்டரிலும் அப்படித்தான், முதல் சில மாதம் உருண்டு தள்ளிவிட்டுப் பிறகு அடங்கிவிடும். பாலியெஸ்டரோ லேசில் அறுவதில்லை. பருத்தி இழையோடு சேர்ந்து வெளியே வந்து உருள்கிறது, உருண்ட பிறகு நங்கூரம் போட்ட மாதிரி அங்கேயே நிற்கிறது. பழையது உதிராமல் புதியது சேர்ந்துகொண்டே போனால் துணி கடுகு வாணலிதான். ஊட்டியில் ஆசையாக வாங்கிவருகிற அக்ரிலிக் ஸ்வெட்டர் ஒரே குளிர்காலத்தில் உருண்டை பிடித்துவிடுவதும் இதே கதை.

இதைச் சமாளிக்க பாலியெஸ்டர் செய்கிறவர்கள் கண்ட வழி எனக்கு மிகவும் பிடிக்கும். இழையை வேண்டுமென்றே பலவீனமாகச் செய்கிறார்கள். உருண்டை வந்தால் வரட்டும், சீக்கிரம் அறுந்து விழட்டும் என்று. பில்லிங் ஆகாத பாலியெஸ்டர் என்று விற்பதில் ஒரு வகை இதுதான்.

துணி தயாரான பிறகும் ஆலையில் செய்கிற வேலை ஒன்று உண்டு. திருப்பூர் காதர்பேட்டைக் கடைகளில் 'பயோ வாஷ்' என்று சொல்லிச் சொல்லி விற்பார்கள், கேட்டிருப்பீர்கள். சாயத் தொட்டியில் தண்ணீரைக் கொஞ்சம் புளிப்புத் தன்மைக்குக் கொண்டுவந்து, 50, 55 டிகிரிச் சூட்டில் ஒரு என்சைமைப் போட்டு, துணியை ஒரு மணி நேரத்துக்குப் பக்கமாக ஓட்டுவார்கள். அந்த என்சைமுக்குப் பருத்திதான் தீனி. துணியின் மேலே நீட்டிக்கொண்டிருக்கிற பிசிறுகள்தான் அதற்கு முதலில் எட்டும்; அவற்றை அரித்து வலுவிழக்கச் செய்ய, துணி ஓடுகிற உரசலில் அவை ஒடிந்து போகும். நேரம் முடிந்ததும் சூட்டை 80 டிகிரிக்கு ஏற்றி என்சைமை நிறுத்த வேண்டும். நிறுத்தாவிட்டால் பிசிறோடு நிற்காது, நூலையும் தின்னத் தொடங்கும். ஒழுங்காகச் செய்தாலே துணி எடையில் நூற்றுக்கு மூன்று முதல் ஐந்து வரை குறையும். கிலோ கணக்கில் துணி வாங்குகிறவருக்கு அது பணம். அந்த நஷ்டத்துக்கு அஞ்சி நேரத்தைச் சுருக்கி எடுத்த துணியையும் 'பயோ வாஷ்' என்றே விற்கலாம், பார்வைக்குத் தெரியாது. இரண்டு மாதம் கழித்துத்தான் தெரியும்.

நான் ஒருமுறை அப்படிப்பட்ட துணிக்குக் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். வேலையில் சேர்ந்த மூன்றாம் வருஷம். துணி வெண்ணெய் மாதிரி இருந்தது, தொட்டதும் மனசு மயங்கிவிட்டது. பெட்டி டெஸ்ட் முடிவு வரும்வரை பொறுக்காமல் கட்டிங்குக்கு அனுப்பிவிட்டேன். மறுநாள் முடிவு வந்தது: கிரேடு 2.

அந்தப் பெட்டி டெஸ்ட்டைச் சொல்ல வேண்டும். உள்பக்கம் முழுக்கத் தக்கை ஒட்டிய சதுரப் பெட்டி. துணியை ரப்பர் குழாய் போன்ற நாலு குழல்களின்மேல் தைத்து மாட்டி உள்ளே போட்டு மூடிவிட்டால், பெட்டி நிமிடத்துக்கு 60 சுற்று வீதம் மணிக்கணக்கில் உருளும். குழல்கள் தக்கையில் மோதி, ஒன்றோடொன்று உரசி, பல நாள் தேய்மானத்தைச் சில மணி நேரத்தில் காட்டிவிடும். எடுத்து, இருட்டறையில் சாய்ந்த வெளிச்சத்தில் வைத்து, மாதிரிப் படங்களோடு ஒப்பிட்டு மார்க் போட வேண்டும். 5 என்றால் மாற்றமே இல்லை, 1 என்றால் துணி முழுக்க உருண்டை. வாங்குகிறவர்கள் 4 கேட்பார்கள், 3-4-க்கு முகம் சுளித்து ஒத்துக்கொள்வார்கள். 2-க்கு ஒருவரும் ஒத்துக்கொள்ள மாட்டார்கள். வெட்டிய துணி அத்தனையும் அப்படியே மூலையில் கிடந்தது. அந்த அடுக்கைக் கடந்து போகும்போதெல்லாம் எனக்கு வயிறு பிசையும்.

அந்தத் துணி அவ்வளவு மெத்தென்று இருந்ததற்குக் காரணம் பஞ்சின் தரமில்லை, கடைசியில் போட்ட சிலிகான் சாஃப்ட்னர். அது ஒவ்வொரு இழைமேலும் எண்ணெய் தடவிய மாதிரி படிந்துகொள்ளும். கைக்குச் சுகம். ஆனால் வழுக்குகிற இழைக்கு முறுக்கின் பிடி போதாது, நழுவி நழுவி வெளியே வந்துவிடும். துணியின் முகத்தைச் சுரண்டி மொசுமொசுப்பாக்கிய ரகங்களும் அப்படியே. பிசிறை நாமே கிளப்பிக் கொடுத்துவிடுகிறோம். ஆகவே கடையில் தொட்டதும் 'அடடா' என்று தோன்றுகிற மெத்தென்ற துணியிடம் கொஞ்சம் நிதானமாக இருங்கள் என்றுதான் யார் கேட்டாலும் சொல்கிறேன். வேண்டாம் என்று சொல்லவில்லை. குழந்தைக்கு வாங்கினால் மெத்தென்றே வாங்குங்கள், உருண்டை வந்தால் வந்துவிட்டுப் போகட்டும். தினமும் பஸ்ஸில் இடிபட்டுப் போகிற பையனுக்கு வேறு மாதிரி பார்க்க வேண்டும்.

எப்படிப் பார்ப்பது? துணியை ஒருமுறை ஒற்றையாக மடித்து, மடிப்பின் விளிம்பைக் கண் மட்டத்துக்குத் தூக்கி வெளிச்சத்தில் பாருங்கள். விளிம்பு கோடு போட்ட மாதிரி தெளிவாகத் தெரிந்தால் நல்லது. விடியற்காலைப் புல் மாதிரி முடி முடியாக நின்றால் அதெல்லாம் நாளைய உருண்டைகள். பிறகு துணியின் உள்மடிப்பை இரண்டு விரல்களுக்கு இடையே வைத்து இருபது முப்பது தடவை தேய்த்துப் பாருங்கள். அதற்குள்ளேயே பஞ்சு எழும்பினால் அதை வைத்துவிட்டு அடுத்ததை எடுங்கள். விரல் விட்டுப் பார்த்தால் லூப்புகள் நெருக்கமாக இருக்கின்றனவா என்றும் கவனியுங்கள்; தொளதொளப்பான பின்னலில் இழை சுலபமாக நழுவும். லேபிளில் முழுப் பருத்தியா கலப்பா என்று படியுங்கள். இவ்வளவும் செய்ய ஒரு நிமிஷம் ஆகாது.

அக்காவுக்கு இதெல்லாம் காலம் கடந்த பாடம். சட்டை வாங்கியாகிவிட்டது. இனி துவைப்பதில்தான் ஏதாவது செய்ய முடியும்.

"எப்படித் தொவைக்கறீங்க?"

"மிசின்லதான். அவன் ஜீன்ஸு, துண்டு, இது எல்லாத்தையும் ஒண்ணாப் போட்டுருவேன். காலர்ல மட்டும் பிரஷ் போடுவேன்."

பவுடர் தப்பியது. பில்லிங்குக்கு வேண்டியது உரசல் ஒன்றுதான், அந்த உரசலைச் சட்டை உடம்பில் மட்டுமல்ல, வாஷிங் மெஷினிலும் நிறையப் படுகிறது. ஜீன்ஸின் தடித்த தையலும் ஜிப்பும் தக்கைப் பெட்டியைவிட மோசம். துண்டு போதாக்குறைக்குப் பஞ்சையும் கொடுக்கிறது. பனியன் துணிகளைத் தனியாகப் போடுங்கள் என்றேன். போடும் முன் உள்பக்கத்தை வெளியே திருப்புங்கள். உரசல் அப்போதும் நடக்கும், ஆனால் உருண்டை உள்ளே வரும், ஊருக்குத் தெரியாது. மெஷினை அடைத்து நிரப்ப வேண்டாம். மென்மையான ஓட்டத்தில், குறைந்த நேரம் போதும். ஒரு நாள் போட்ட டி-ஷர்ட்டில் வேர்வைதான் இருக்கும், சேறு இருக்காது. பவுடர் கரையாமல் மணலாகத் துணியில் ஒட்டும் என்றால் திரவ சோப்பு நல்லது. கையால் துவைப்பவர்கள் துவைக்கிற கல்லில் அடிக்காமல், பிரஷ் போடாமல், அலசிக் கசக்கிப் பிழிந்தால் போதும். காலரில் அழுக்கு நின்றால் சோப்பைத் தடவி ஊறவைத்துவிட்டு விரலால் தேய்க்கலாம். கடைசித் தண்ணீரில் விடுகிற வாசனைத் திரவத்தை இந்தச் சட்டைக்கு நிறுத்திவிடுங்கள். ஆலையில் போட்ட சாஃப்ட்னர் செய்த வேலையை அதுவும் செய்யும்.

பேசிக்கொண்டே அக்கா ஒரு உருண்டையைக் கிள்ளி இழுத்துக்கொண்டிருந்தார். எல்லோருக்கும் உள்ள பழக்கம். கையைப் பிடித்து நிறுத்தினேன். இழுத்தால் உருண்டை வரும். கூடவே அதைக் கட்டியிருக்கிற இழைகளும் நூலுக்குள்ளிருந்து இன்னும் இரண்டு மில்லிமீட்டர் வெளியே வரும். பிடுங்கிய இடத்தில் அடுத்த வாரம் இரண்டு முளைக்கும். இதைப் பிடுங்கக் கூடாது, வெட்ட வேண்டும். இதற்கென்றே பேட்டரியில் ஓடுகிற சின்ன மெஷின் கிடைக்கிறது, அது இல்லாவிட்டால் முகச்சவர ரேசர் போதும்.

புது ரேசர் ஒன்றை எடுத்துவந்தேன். ஒரு எவர்சில்வர் தட்டைக் கவிழ்த்துச் சட்டையின் தோளுக்குள் நுழைத்து, துணியைச் சுருக்கமில்லாமல் இழுத்துப் பிடிக்கச் சொன்னேன். ரேசரைப் படுக்கவைத்து, அழுத்தாமல், ஒரே திசையில் சின்னச் சின்னதாக இழுக்க வேண்டும். தையல் பக்கம் போகக் கூடாது. சரக் சரக் என்று உருண்டைகள் ரேசரோடு வந்தன. ஊதிவிட்டு மறுபடி இழுத்தேன். தோளில் கருநீலம் பழையபடி தெரிந்தது. இடுப்புப் பக்கத்தை அக்காவே செய்தார்.

செய்துகொண்டிருந்தபோதுதான் எனக்கு உறைத்தது. வலது தோள், இடது இடுப்பு. மற்ற இடமெல்லாம் அவ்வளவு மோசமில்லை. துவைக்கும்போது மட்டும் நேர்ந்ததென்றால் சட்டை முழுக்க ஒரே மாதிரி அல்லவா இருக்க வேண்டும்?

"பையன் பையை எப்படிப் போடுவான்?"

அக்கா எழுந்து நின்று காட்டினார். வலது தோளில் பட்டை, மார்புக்குக் குறுக்கே இறங்கி, இடது இடுப்பில் பை. உருண்டைகள் நின்ற இடங்களை விரலால் தொட்டுக் காட்டியது போலவே இருந்தது. காலையும் மாலையும் பஸ்ஸில் நின்றுகொண்டு போகிறவன். ஒவ்வொரு பிரேக்குக்கும் அந்தப் பட்டை தோளில் ஒரு இழுப்பு இழுக்கும்.

பையைக் கொண்டுவரச் சொன்னேன். பட்டையின் அடிப்பக்கம் முரட்டு நைலான் நாடா, விரலை ஓட்டினால் அரம் மாதிரி இருந்தது. அக்காவும் ஓட்டிப் பார்த்தார். ஒன்றும் பேசாமல் வீட்டுக்குப் போய் ஒரு பழைய வேட்டித் துண்டும் ஊசி நூலும் கொண்டுவந்தார். பட்டையின்மேல் உறை மாதிரி சுற்றி, திண்ணையிலேயே உட்கார்ந்து ஓரம் தைக்க ஆரம்பித்தார்.

"பையிலயும் சட்டை பக்கம் ஒரு துண்டு வெச்சுத் தெச்சர்றேன் தம்பி. இன்னொரு டம்ளர் டீ இருக்குதா?"